கடலுக்கடியில் குரல் கொடுத்தவர் – றெஜினோல்ட் பெசென்டன்



நீங்கள் கடலிலோ குளத்திலோ குளித்திருப்பீர்கள். அடுத்த முறை, பெரியவர் ஒருவர் கரையில் நிற்கும்போது, ஒரு சிறிய பரிசோதனை செய்து பாருங்கள். உங்கள் தலையை நீருக்குள் அமிழ்த்திக்கொண்டு, சற்றுத் தூரத்தில் நிற்கும் நண்பரை இரண்டு கற்களை நீருக்குள் ஒன்றோடொன்று தட்டச் சொல்லுங்கள். அந்த ஓசை காதுக்குப் பக்கத்தில் எழுந்தது போலத் தெளிவாகக் கேட்கும். ஆனால் அது இடப்பக்கமிருந்து வந்ததா, வலப்பக்கமிருந்து வந்ததா என்று கேட்டால் உங்களாற் சொல்ல முடியாது. இந்த இரண்டு அவதானிப்புகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பாடத்தின் பாதி இவற்றுக்குள் அடங்கிவிடும்.

வளியில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்தில் செல்கிறது. கடல் நீரில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர், அதாவது நான்கு மடங்கிலும் அதிகம். வானொலி அலைகளோ இதற்கு நேர்மாறானவை. வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தில் பாயும் அவை, உப்பு நீருக்குள் புகுந்ததும் சக்தியை இழந்துவிடுகின்றன. உப்பு நீர் மின்னைக் கடத்தும். அதனுள் நுழையும் அலை மின்னோட்டங்களைத் தூண்டி, தன் சக்தியை அவற்றுக்கே கொடுத்து மடிந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பல் வானொலி மூலம் கரையுடன் எளிதாகப் பேசுகிறது என்று ஆண்டுதோறும் சில மாணவர்கள் விடை எழுதுகிறார்கள். கப்பல் மேற்பரப்பில் மிதக்கும்போது அது சரி. மூழ்கிய பின்னர் சரியல்ல.

மூழ்கிய கப்பலுக்கு ஒலிதான் குரல். அந்தக் குரலை முதன்முதலில் நன்றாகப் பேசவைத்தவரின் வாழ்க்கையையே இங்கு நீங்கள் படிக்கப்போகிறீர்கள்.

றெஜினோல்ட் ஒப்ரி பெசென்டன் 1866 ஒக்ரோபர் 6 ஆந் திகதி கனடாவின் கியூபெக் பகுதியிலுள்ள ஈஸ்ற் போல்ரன் என்ற ஊரிற் பிறந்தார். தந்தையார் அங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவர். நான்கு ஆண்பிள்ளைகளில் இவரே மூத்தவர். குருவானவரின் சம்பளம் சொற்பம். ஆனால் வீட்டிற் புத்தகங்களுக்குக் குறைவிருக்கவில்லை. கணிதத்திற் சிறுவன் காட்டிய திறமையைக் கண்ட பாடசாலையொன்று, பதின்ம வயதிலேயே அவரைக் கீழ்வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்க அமர்த்தியது. தாம் கற்றுக்கொண்டே மற்றவர்களுக்குக் கற்பித்தார். பட்டம் பெறாமலே 18 ஆவது வயதளவில் அங்கிருந்து வெளியேறினார். பின்னாளில் இரண்டு பல்கலைக்கழகங்களிற் பேராசிரியராக இருந்த ஒருவர் பட்டதாரி அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து அவர் சென்றது அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள பேர்முடாத் தீவுக்கு. அங்கே ஒரு சிறு பாடசாலைக்கு அவரே அதிபர், அவரே ஒரேயொரு ஆசிரியர். (நம்மூர்ப் பின்தங்கிய பாடசாலைகளை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.) பிற்காலத்தில் அவரது மனைவியான ஹெலனைச் சந்தித்ததும் அத்தீவிலேதான். பேர்முடாவைச் சூழக் கடல், அவர் வாழ்வின் தொடக்கத்திலும் முடிவிலும் அக்கடல் இருந்தது.

1886 இல் பெசென்டன் நியூயோர்க் நகருக்குப் போனார். அவரது இலட்சியம் தோமஸ் எடிசனிடம் வேலை செய்வது. தமக்கு மின்னைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் விரைவிற் கற்றுக்கொள்வேன் என்று உண்மையை அப்படியே எழுதி விண்ணப்பித்தார். எடிசனின் பதில் இல்லை என்பதுதான். பெசென்டன் விடவில்லை. நகரத் தெருக்களுக்கு அடியில் மின்கம்பிகள் பதிக்கும் வேலையில் உதவிச் சோதனையாளராகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, எடிசனின் ஆய்வுகூடத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார். அங்கு கம்பிகளுக்குக் காவலிடும் பொருள்களைத் தயாரிக்கும் இரசாயன வேலை அவருக்கு. 1890 இல் எடிசனின் நிறுவனத்துக்குப் பண நெருக்கடி ஏற்பட்டபோது வேலையிழந்தவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டிலேயே அவரது திருமணமும் நடந்தது.

பேராசிரியர் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1892 இல் பேர்டியூ பல்கலைக்கழகம். 1893 முதல் பிற்ஸ்பேர்க்கில் மேற்குப் பென்சில்வேனியப் பல்கலைக்கழகம். 1900 இல் ஐக்கிய அமெரிக்க வானிலைத் திணைக்களம் அவரை அழைத்தது. புயல் எச்சரிக்கைகளைக் கம்பியில்லாத் தந்தி மூலம் அனுப்பும் வழியைக் கண்டுபிடிப்பது அவரது பணி. அக்காலக் கம்பியில்லாத் தந்தி புள்ளியையும் கோட்டையும் மட்டுமே அனுப்பியது. பெசென்டனோ மனிதக் குரலையே அனுப்பலாம் என்று நம்பினார். 1900 டிசெம்பர் 23 ஆந் திகதி, பொற்றோமாக் ஆற்றிலுள்ள கொப் தீவிலிருந்து ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் தூரத்திலிருந்த உதவியாளரிடம் அங்கே பனி பெய்கிறதா என்று கம்பியில்லாமல் வாயால் விசாரித்தார். இரைச்சலுக்கு நடுவே அக்கேள்வி மறுமுனையிற் கேட்டது. வானொலியிற் பேச்சு சென்ற முதல் நிகழ்வுகளில் ஒன்றாக இது கொள்ளப்படுகிறது.

திணைக்களத் தலைவர் தமது காப்புரிமைகளிற் பங்கு கேட்டதாகப் பெசென்டன் முறையிட்டார். பிணக்கு முற்றி 1902 இல் விலகினார். பிற்ஸ்பேர்க் செல்வந்தர் இருவர் முதலிட, தேசிய மின் சமிக்ஞைக் கம்பனி உருவானது. மசாசூசெற்ஸ் மாநிலக் கடற்கரையிலுள்ள பிரான்ற் றொக்கிலும், ஸ்கொத்லாந்தின் மக்ரிஹானிஷிலும் உயர்ந்த கோபுரங்கள் எழுந்தன. 1906 ஜனவரியில் இவ்விரு நிலையங்களும் அத்திலாந்திக்கைத் தாண்டி ஒன்றுக்கொன்று தந்தி பரிமாறின. அதே ஆண்டு டிசெம்பரில் ஸ்கொத்லாந்துக் கோபுரம் புயலிற் சரிந்து விழுந்தது. 1906 நத்தார் இரவில் அவர் இசையும் பேச்சும் ஒலிபரப்பியதாகப் பல கைந்நூல்களில் எவ்விதச் சந்தேகமுமின்றி எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அச்செய்திக்கு மூலம் 1932 இல் அவரே எழுதிய ஒரு கடிதம். பின்வந்த ஆய்வாளர் சிலர் அதை ஐயுறுகின்றனர். பரீட்சையில் எழுதுவதாயின் கூறப்படுகிறது என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள்.

முதலீட்டாளர்களுடனும் ஒத்துப்போகவில்லை. பெசென்டன் கோபக்காரர், பெருமையுள்ளவர், கணக்குவழக்கில் விட்டுக்கொடாதவர். கண்டுபிடிப்பாளர்களை எல்லாம் சாந்தமூர்த்திகளாகச் சித்திரிக்கும் பழக்கம் நம் பாடநூல்களுக்கு உண்டு. இவரை அப்படி எழுத முடியாது. 1911 ஜனவரியில் அவர் தாம் உருவாக்கிய கம்பனியிலிருந்தே நீக்கப்பட்டார். தொடர்ந்தது பல ஆண்டு வழக்கு. 45 வயதை எட்டும் நேரத்தில் கையில் வேலை இல்லை, சொந்தக் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் வழியும் இல்லை.

இந்த இடத்தில்தான் கடல் அவரது கதைக்குள் வருகிறது.

பொஸ்ரன் நகரில் 1901 இல் தொடங்கப்பட்ட ஒரு கம்பனி இருந்தது. அதன் பெயர் சப்மரீன் சிக்னல் கம்பனி. இப்பெயரைக் கண்டு மயங்காதீர்கள். சப்மரீன் என்பதற்குக் கடலடி என்பதே நேர்ப்பொருள். இக்கம்பனி நீர்மூழ்கிக் கப்பல் கட்டவில்லை. கடலடி மணிகளைச் செய்தது. மூடுபனியில் கலங்கரை விளக்கின் ஒளி தெரியாது, வளியில் எழும் சங்கொலியும் ஏமாற்றும். ஆகவே பாறைகள் உள்ள இடங்களில் நிறுத்தப்பட்ட விளக்குக் கப்பல்களுக்குக் கீழே நீருக்குள் மணியைத் தொங்கவிட்டு அடிப்பார்கள். வரும் கப்பலின் முன்பகுதியில் இரு பக்கமும் நீர்த்தொட்டிகளில் ஒவ்வோர் ஒலிவாங்கி இருக்கும். மாலுமி தொலைபேசிக் குழலைக் காதில் வைத்து, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறிமாறிக் கேட்பார். எது உரத்துக் கேட்கிறதோ அந்தப் பக்கத்தில் ஆபத்து. நீருக்குள் திசை தெரியாது என்று நீங்கள் கற்களைத் தட்டிக் கண்டுபிடித்த சிக்கலுக்கு இதுவே அன்றைய தீர்வு.

மணி நல்ல எச்சரிக்கைக் கருவி. ஆனால் அதனாற் பேச முடியாது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஓசை இழுபட்டு நிற்பதால், மோர்ஸ் குறிகளை வேகமாக அனுப்பினால் எல்லாம் கலந்துவிடும். 1912 இல் இக்கம்பனியின் ஆலோசகராகப் பெசென்டன் சேர்ந்தபோது அவர் முன் இருந்த வினா இதுதான்: நீருக்குள் மிக உரத்ததாகவும், நினைத்த கணத்தில் தொடங்கி நினைத்த கணத்தில் நிற்பதாகவும் உள்ள ஓர் ஒலியை எப்படி உண்டாக்குவது?

அதே 1912 ஏப்ரலில் டைற்றானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி 1500 பேர் வரை மாண்டனர். அதன் பின்னர் பனிப்பாறையை முன்கூட்டியே அறியும் வழிகளைப் பல நாட்டார் தேடினர். இங்கிலாந்தில் றிச்சர்ட்சன் என்ற விஞ்ஞானி எதிரொலியால் அறியும் முறைக்குச் சில வாரங்களுக்குள்ளேயே காப்புரிமை கோரினார். அவரிடம் எண்ணம் இருந்தது, அதைச் செய்யத்தக்க கருவி இருக்கவில்லை. கருவியைச் செய்தவர் பெசென்டன்.

அதன் பெயர் பெசென்டன் ஒசிலேற்றர். தமிழில் அலையியற்றி என்போம். இதன் பகுதிகளைச் சற்று நிதானமாகப் பாருங்கள். உங்கள் மின்காந்தவியல் பாடத்தில் உள்ளவை அல்லாத எதுவும் இதில் இல்லை. நடுவில் ஓர் இரும்பு அகணி. அதன்மேற் சுற்றப்பட்ட கம்பிச்சுருளில் ஆடலோட்டம் செலுத்தப்படும். அகணியைச் சூழ, அதைத் தொடாமல், ஒரு செப்புக் குழாய். அதற்கும் வெளியே நேரோட்டத்தால் இயங்கும் வலிமைமிக்க மின்காந்தம். சுருளில் ஆடலோட்டம் பாயும்போது, நிலைமாற்றியின் துணைச்சுருளில் நிகழ்வதுபோலவே செப்புக் குழாயில் ஓட்டம் தூண்டப்படும். ஓட்டம் பாயும் கடத்தி காந்தப் புலத்தில் இருந்தால் அதன்மீது விசை தாக்கும் என்பது பிளமிங்கின் இடக்கை விதி. ஓட்டத்தின் திசை மாறமாற விசையின் திசையும் மாறும். எனவே குழாய் முன்னும் பின்னும் துடிக்கும். குழாயுடன் இணைக்கப்பட்ட உருக்குத் தகடு கடல் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். தகடு துடிக்க, நீர் துடிக்கும். தொடக்கக் கருவிகளில் மீடிறன் ஏறத்தாழ 540 ஹேர்ட்ஸ். சாதாரண மோர்ஸ் சாவியை அழுத்தினால் ஒலி எழும், விட்டால் நிற்கும்.

இக்கருவியின் உண்மையான அழகு அடுத்த கூற்றில் உள்ளது. அதே கருவி கேட்கவும் செய்யும். வெளியிலிருந்து வரும் ஒலி தகட்டைத் துடிக்கச் செய்தால், குழாய் காந்தப் புலத்தில் அசைந்து ஓட்டத்தைப் பிறப்பிக்கும். அது சுருள் வழியே தொலைபேசிக் குழலுக்குச் செல்லும். வாயும் காதும் ஒன்றே. ஆளியை ஒரு பக்கம் திருப்பினாற் பேச்சு, மறுபக்கம் திருப்பினாற் கேட்டல். ஒலிபெருக்கியையே ஒலிவாங்கியாகவும் பயன்படுத்தலாமா என்று வகுப்பில் யாராவது கேட்டால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

1914 ஏப்ரல் 27 ஆந் திகதி. நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் கிராண்ட் பாங்ஸ் கடற்பரப்பு. டைற்றானிக் மூழ்கிய கடற்பகுதியும் அதன் அருகிலேயே உள்ளது. பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் அமெரிக்க ரோந்துக் கப்பல் மியாமி, 450 அடி நீளமும் 130 அடி உயரமுமான ஒரு பனிப்பாறையின் அருகே நின்றது. பெசென்டனும் ஓர் உதவியாளரும் கப்பலில் இருந்தனர். முதலிற் கப்பலின் நீராவி ஊதியை ஒலித்துப் பார்த்தனர். பாறையின் செங்குத்து முகத்துக்கு 150 யார் வரை நெருங்கியும் எதிரொலி வரவில்லை. வளி அவர்களைக் கைவிட்டது. பின்னர் அலையியற்றியை நீர்மட்டத்துக்குக் கீழே 10 அடி ஆழத்தில் இறக்கினர். அரை மைல் முதல் இரண்டரை மைல் வரையான பல தூரங்களில் பனிப்பாறையின் எதிரொலி தெளிவாகத் திரும்பி வந்தது. தொலைபேசிக் குழலில் மட்டுமல்ல, நீர்மட்டத்துக்குக் கீழிருந்த அறைகளில் நின்ற அதிகாரிகளின் வெறுங்காதுகளுக்கும் அது கேட்டதாகக் கப்பல் தலைவரின் அறிக்கை பதிவுசெய்தது. கடலடித் தரையிலிருந்து வந்த எதிரொலியும் அப்பயணத்திற் பெறப்பட்டது.

இதை ஒரு கணக்காகச் செய்து பாருங்கள். இரண்டரை மைல் என்பது ஏறத்தாழ 4000 மீற்றர். ஒலி போய்த் திரும்ப 8000 மீற்றர். வேகம் செக்கனுக்கு 1500 மீற்றர் எனின், எடுக்கும் நேரம் 8000 ஐ 1500 ஆல் வகுக்க வரும் 5.3 செக்கன். மாணவர்கள் வழமையாகத் தவறவிடுவது போய்த் திரும்பும் இரு மடங்குத் தூரத்தையே. நேரம் தரப்பட்டு ஆழம் கேட்கப்பட்டால் இரண்டால் வகுக்க மறக்காதீர்கள். ஒலி அனுப்பி 0.4 செக்கனில் கடலடி எதிரொலி கிடைத்தால் ஆழம் 600 மீற்றர் அன்று, 300 மீற்றர்.

பனிப்பாறையிலிருந்து மனித உயிரைக் காக்கச் செய்த கருவிக்கு நான்கு மாதங்களில் வேறு வேலை வந்துவிட்டது. 1914 ஓகஸ்ற்றில் முதலாம் உலகப் போர் மூண்டது. செப்ரெம்பர் 22 ஆந் திகதி ஜேர்மனியின் யூ-9 என்ற ஒரேயொரு நீர்மூழ்கிக் கப்பல், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று பிரித்தானியப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. 1400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதுவரை விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட நீர்மூழ்கியை அன்றிலிருந்து யாரும் அப்படிக் கருதவில்லை.

அக்கால நீர்மூழ்கிக்குள் இருப்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மூழ்கியதும் உலகத்துடன் தொடர்பு அறுந்துவிடும். செய்தி அனுப்ப வேண்டுமாயின் மேலே வந்து கொடியசைக்க வேண்டும், விளக்கு மினுக்க வேண்டும், அல்லது குறைந்த வலுவுள்ள வானொலியை இயக்க வேண்டும். மேலே வந்தாலோ எதிரியின் கண்ணிற் படுவார்கள். பிரித்தானிய நீர்மூழ்கிகள் சில, செய்தி அனுப்பப் புறாக்களைக்கூட ஏற்றிச் சென்றன. அருகிலிருக்கும் தம் நாட்டுக் கப்பலுக்கே, கீழே இருப்பது நாங்கள், எங்கள்மீது மோதாதீர்கள் என்று சொல்ல வழியில்லை. பெசென்டனின் அலையியற்றி இந்த ஊமை நிலையை மாற்றியது. பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் போர்க்காலத்தில் தம் நீர்மூழ்கிகளில் அதைப் பொருத்தின. மூழ்கிய நிலையிலேயே பல மைல் தூரத்துக்கு மோர்ஸ் செய்தி அனுப்பவும் பெறவும் முடிந்தது. பெசென்டன் பிரித்தானிய முடியின் குடிமகன். போர் மூண்டதும் தம் சேவையை வழங்க அவரே முன்வந்தார்.

எதிரி நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க இக்கருவி போதுமானதாக இருந்ததா? இல்லை. ஏன் என்பதற்கு விடை அலைச் சமன்பாட்டில் இருக்கிறது. வேகம் என்பது மீடிறனையும் அலைநீளத்தையும் பெருக்க வருவது. 1500 ஐ 540 ஆல் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 2.8 மீற்றர். இவ்வளவு நீண்ட அலையைச் சிறிய தகட்டிலிருந்து ஒரு திசையில் மட்டும் குவித்து அனுப்ப முடியாது. அது நாலாபுறமும் பரவும். பனிப்பாறை மலைபோன்றது, அகப்பட்டுவிடும். நீர்மூழ்கி ஒடுங்கிய உடல், எளிதில் அகப்படாது. பிரான்சில் போல் லாஞ்செவின் குவாட்ஸ் பளிங்கைத் துடிக்கச் செய்து, மனிதக் காதுக்குக் கேளாத ஏறத்தாழ 40 000 ஹேர்ட்ஸ் மீடிறனில் அலைகளை அனுப்பினார். அங்கே அலைநீளம் 4 சென்ரிமீற்றருக்கும் குறைவு. மின்விளக்கின் கற்றைபோல அதைத் திருப்பலாம். 1918 இல் அவர் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி பெற்றார். பின்னாளிற் சோனார் என்று பெயர் பெற்றது இந்த வழியிலேயே வளர்ந்தது. ஆகவே சோனாரைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவுக்கு ஒரே பெயரை எழுதுவது நியாயமாகாது. செயல்முறையில் எதிரொலியைக் கடலிற் பெற்றுக் காட்டியவர் பெசென்டன். நீர்மூழ்கியைத் தேடும் கூரிய கற்றையைத் தந்தவர் லாஞ்செவின்.

இன்றைய நீர்மூழ்கியின் தொடர்பாடல் தொகுதியையும் இங்கேயே பார்த்துவிடுவோம். ஒலி வழியில், பெசென்டன் அமைத்த ஒழுங்கே இன்றும் இருக்கிறது: செய்தியை மின் சமிக்ஞையாக்கும் பகுதி, அதனைப் பெருக்கும் பகுதி, மின்னை ஒலியாக மாற்றும் பகுதி, நடுவே கடல், மறுமுனையில் ஒலியை மின்னாக்கும் நீரொலிவாங்கி, அதன்பின் வடிகட்டியும் பெருக்கியும், கடைசியில் மனிதக் காது அல்லது கணினி. 1945 அளவில் அமெரிக்கக் கடற்படை உருவாக்கிய நீரடித் தொலைபேசியில் மோர்ஸ் மட்டுமன்றிப் பேச்சும் சென்றது. 2017 இல் நேட்டோ நாடுகள் நீரடி இலக்கமுறைத் தொடர்பாடலுக்கு ஜானஸ் என்ற பொது நியமத்தை ஏற்றுக்கொண்டன. வானொலி வழியும் முற்றாக அடைபட்டுவிடவில்லை. மீடிறன் குறையக் குறைய அலை ஆழமாக இறங்கும். 3 முதல் 30 கிலோஹேர்ட்ஸ் வரையான மிகத் தாழ்ந்த மீடிறன் அலைகள் கடலுக்குள் 10, 20 மீற்றர் வரை செல்லும். நமக்கு அயலில், தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், 1990 இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இவ்வகையிலேயே நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. ஐக்கிய அமெரிக்கா 76 ஹேர்ட்ஸ் அளவான அலைகளைக் கொண்டு இன்னும் ஆழத்துக்குச் செய்தி அனுப்பியது. 1989 இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய அத்தொகுதி 2004 இல் மூடப்பட்டது. இவ்வழிகளில் நீர்மூழ்கி கேட்க மட்டுமே முடியும், பதில் சொல்ல இயலாது. அவ்வளவு பெரிய அலைபரப்பியைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதே காரணம். பதில் சொல்ல வேண்டுமாயின் பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து உணர்கொம்பை மேலே நீட்டவேண்டும், அல்லது ஒரு மிதவையை மேலே விடவேண்டும்.

நீர்மூழ்கியின் பயன்களைக் கேட்டால் எல்லோரும் போரை எழுதிவிடுகிறீர்கள். டோர்பிடோ, கண்ணிவெடி, ஏவுகணை, உளவு என்பன உண்மைதான். ஆனால் 1958 ஓகஸ்ற் 3 ஆந் திகதி அணுசக்தி நீர்மூழ்கியான நோட்டிலஸ் வடதுருவப் பனிக்கடியிற் கடந்து சென்றதையும் எழுதலாம். 1977 இல் அல்வின் என்ற ஆய்வு மூழ்கிக் கலம் கலாபகோஸ் தீவுகளுக்கருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளையும், சூரிய ஒளியே எட்டாத இடத்தில் வாழும் உயிரினங்களையும் விஞ்ஞானிகளுக்குக் காட்டியது. அதே அல்வின் 1986 இல் டைற்றானிக்கின் சிதைவுகள் வரை இறங்கியது. அல்வின் போன்றவை தாய்க்கப்பலின் துணையின்றி நீண்ட காலம் இயங்கமாட்டா. எனவே அவற்றை நீர்மூழ்கிக் கப்பல் என்னாது மூழ்கிக் கலம் என்று எழுதுங்கள்.

பெசென்டனிடம் திரும்புவோம். போருக்குப் பின் எதிரொலி ஆழமானி வணிகக் கப்பல்களுக்கு வந்தது. ஈயக் குண்டைக் கயிற்றிற் கட்டி இறக்கி ஆழம் பார்த்த மாலுமிகள், ஓடும் கப்பலில் நின்றபடியே ஆழத்தை வாசித்தனர். 1929 இல் இக்கருவிக்காகவும் கடற்பாதுகாப்புக்கான ஏனைய கண்டுபிடிப்புகளுக்காகவும் சயன்ரிபிக் அமெரிக்கன் சஞ்சிகையின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் பழைய வானொலி வழக்கும் முடிவுக்கு வந்திருந்தது. எதிர்த்தரப்பு 5 இலட்சம் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் ஏறத்தாழ 2 இலட்சம் வழக்கறிஞர்களுக்குப் போயிற்று. கம்பனியிலிருந்து நீக்கப்பட்டு 17 ஆண்டுகள் கழிந்திருந்தன. இதயமும் பலவீனப்பட்டிருந்தது.

கணவனும் மனைவியும் தாம் முதலிற் சந்தித்த பேர்முடாவுக்கே திரும்பிச் சென்றனர். 1932 ஜூலை 22 ஆந் திகதி பெசென்டன் அங்கு காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஹெலனே எழுதி 1940 இல் வெளியிட்டார்.

இன்னும் ஒரு நிகழ்ச்சி மிச்சம் உள்ளது. அது அவர் இறந்து ஏழு ஆண்டுகளின் பின் நடந்தது. 1939 மே 23 ஆந் திகதி காலை, அமெரிக்கக் கடற்படையின் புதிய நீர்மூழ்கி ஸ்குவாலஸ் 59 பேருடன் ஒத்திகைக்காக மூழ்கியது. வளி உள்ளே வரும் பெரிய வால்வு திறந்திருந்தபடியால் பின்புற அறைகளுக்குள் நீர் புகுந்தது. கப்பல் 74 மீற்றர் ஆழத்திற் கடற்றரையில் அமர்ந்தது. பின்புறத்தில் இருந்த 26 பேர் மாண்டனர். முன்புறத்தில் இருளிலும் குளிரிலும் 33 பேர் உயிரோடிருந்தனர். அவர்கள் மேலே விட்ட மிதவையில் ஒரு தொலைபேசி இருந்தது. தேடி வந்த ஸ்கல்பின் என்ற நீர்மூழ்கியின் தலைவர் அதில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கடல் அலை கம்பியை அறுத்துவிட்டது.

கம்பி அறுந்த பின் மிஞ்சியது ஒலி. மேலே நின்ற ஸ்கல்பின் தன் அலையியற்றி மூலம் மோர்ஸில் வினாக்களை அனுப்பியது. கீழே இருந்தவர்களுக்கு அது உருக்குச் சுவரினூடாகக் கேட்டது. அவர்கள் சுத்தியலாற் சுவரில் தட்டிப் பதில் கூறினர். எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள், நிலைமை எப்படி என்பதெல்லாம் இந்த வழியாலேயே மேலே தெரியவந்தது. மறுநாள் மீட்பு மணிக்கூண்டு கடலுக்குள் இறக்கப்பட்டது. நான்கு தடவைகளில், கடைசித் தொகுதி நள்ளிரவு தாண்டிய பின்னர், 33 பேரும் மேலே கொண்டுவரப்பட்டனர்.